வைரக்கண்ணு வீட்டுக் கதண்டுக்கூடு

இலுப்பைச்சேரியில் முதன்முதலாகச் சத்தத்தைப் பறிகொடுத்தது பிள்ளையார் கோவில் மணிதான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூசாரி கயிற்றை இழுத்தார், மணி ஆடியது, அதன் நாக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் முட்டியது, ஆனால் வெளியே ஒன்றும் வரவில்லை. அவர் அண்ணாந்து பார்த்தபோது மணியின் விளிம்பிலிருந்து கொட்டினால் ஆளைக் கொல்லும் ஏழெட்டுக் கதண்டுகள் எதையோ தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு கிளம்பின, அவை போய்ச் சேர்ந்த இடத்தில், அதாவது வைரக்கண்ணு வீட்டுத் தென்னையின் உச்சியில், அதே மணி கணீர் கணீரென்று அடித்தது. தீபாராதனைக்குக் கூடியிருந்தவர்கள் ஒரு நொடி தயங்கினார்கள், பிறகு தென்னை இருந்த பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஊர் என்று அக்கம்பக்கத்தில் இலுப்பைச்சேரிக்குப் பெயர், அந்தப் பெயரில் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கூடு அங்கே வந்தது இப்படித்தான். வைரக்கண்ணு மைக் செட் வைத்திருந்தான். காதுகுத்து, கல்யாணம், கருமாதி, காவடி என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அவனுடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் கத்தும். வீட்டை ஒட்டி நின்ற தென்னையில் ஒரு பழைய குழாயை உயரத்தில் கட்டி நிரந்தரமாக விட்டிருந்தான், பழுது பார்த்த பெட்டியை அதில் மாட்டி "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அவன் சொல்வது ஆற்றுக்கு அக்கரையில் மாடு மேய்ப்பவர்களுக்கும் கேட்கும். மைக் இல்லாவிட்டாலும் கேட்கும் என்று அவன் மனைவி தையல்நாயகி கேலி செய்வாள். அந்தக் குழாயின் வாயில்தான் சித்திரை மாதக் கடைசியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கூடு தொங்கியது. தட்டிவிடலாம் என்று வைரக்கண்ணு ஏணியை எடுத்துச் சாத்தியபோது அவனுடைய அக்கா ராசாம்பாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"எறங்குடா கீழ! குளவி கூடு கட்டியிருக்குடா. வீட்டுல புள்ள வரப்போவுதுன்னு சொல்ல வந்துருக்கு, அத போயி கலைக்கிறேங்குறியே, ஒனக்கு அறிவு இருக்கா?"

குளவி வந்து கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும், பிறக்கும்வரை கூட்டைத் தொடக்கூடாது. அந்தப் பக்கத்தில் தொட்டில் பிள்ளைக்குக்கூட இது தெரியும். கல்யாணமாகி வெகுகாலமாகி, வயிற்றில் வந்தது இரண்டு முறை நிற்காமல் போய், கோவில் கோவிலாக ஏறி இறங்கியிருந்த தையல்நாயகிக்கு அந்த மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது, யாரிடமும் அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள். சுவர் மூலையில் சேற்றை உருட்டி வைத்துக் கட்டுமே, அந்தச் சாதுவான குளவியைப் பற்றித்தான் சாஸ்திரம்; இதுவோ மரத்தை மென்று துப்பிக் கட்டியதுபோல் சாம்பல் நிறத்தில் இருந்தது, அதன் மேல் ஊர்ந்தவற்றுக்குக் கறுத்த உடம்பில் மஞ்சள் பட்டை இருந்தது. கதண்டு என்று அவளுக்குத் தெரிந்தது. குளவி என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. ஏணியை அவளே எடுத்துக் கொட்டகையில் போட்டாள்.

பிள்ளை நின்றது. வயிறு வளர வளரக் கூடும் வளர்ந்தது. ஆடியில் பானை அளவு, ஆவணியில் நெல்மூட்டை அளவு, குழாயை முழுதாக விழுங்கிக்கொண்டு தென்னையில் ஓர் ஆள் கட்டிப்பிடித்துத் தொங்குகிற மாதிரி தொங்கியது, இதற்கிடையில்தான் மணியின் சத்தம் போயிற்று, அடுத்து சேவல்களின் கூவல் போயிற்று, அதற்கடுத்து காலையில் வரும் டவுன் பஸ்ஸின் ஹாரன், பள்ளிக்கூடத்துத் தண்டவாள மணி, மாவு மில்லின் கடகடப்பு என்று கதண்டுகள் ஒவ்வொன்றாகக் கொண்டுபோயின. யாரையும் அவை கொட்டவில்லை. ஒரே ஒரு ஆளைக் கொட்டியிருந்தால் ஊர் விழித்துக்கொண்டிருக்கும். உரக்க எழும் எந்தச் சத்தத்தின் மேலும் வந்து உட்காரும், கால்களால் தடவிப் பார்க்கும், பிறகு எடுத்துப்போகும். அவ்வளவுதான், ரத்தமில்லை, வலியில்லை. மெதுவாகப் பேசினால் ஒன்றும் செய்வதில்லை என்று கண்டுபிடித்ததும் ஊரே கிசுகிசுப்புக்கு மாறியது, புருஷன் பெண்டாட்டி சண்டைகள் கூட ரகசியம் பேசுவதுபோல நடந்தன, ஊர் முன்னெப்போதையும்விட மரியாதையாக இருப்பதாக வெளியூர் மாப்பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வைரக்கண்ணுவுக்குத்தான் பொறுக்கவில்லை. சத்தத்தை விற்றுச் சோறு தின்றவன் அவன். ஒரு சாயங்காலம் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு ஏணியில் பாதி ஏறி, "அடேய், யாரு வீட்டுல வந்து ஒக்காந்துகிட்டு யாரு சொத்தடா எடுக்குறீங்க?" என்று தன் முழுத் தொண்டையில் கத்தினான். அதுதான் அவன் கத்திய கடைசிக் கத்தல். கதண்டுகள் அவன் உதட்டில் வரிசையாக இறங்கி, வாய்க்குள் போய், வந்து, போய், வந்து, வேலை முடிந்ததும் பறந்தன. கீழே இறங்கி வந்தவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். தையல்நாயகி அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அதுவும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டுதான்.

தீயணைப்பு வண்டி வந்தது. ஊர் எல்லையிலேயே அதன் சங்கு பறிபோனது. வந்தவர்கள் கூட்டைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு எப்போதாவது மத்தியான வேளையில் தென்னை உச்சியில் தீயணைப்புச் சங்கு ஊளையிடும், ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் தையல்நாயகியைப் பாடாய்ப் படுத்தியது வேறு. சோற்று நேரம் பார்த்து அவள் புருஷனின் குரல் மேலேயிருந்து, "தையலு, ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்று கேட்கும். பழக்கதோஷத்தில் செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். திரும்பிப் பார்த்தால் அவன் கூடத்தில், தட்டுக்கு முன்னால், அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

ஊர் கூட்டோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டது பஞ்சாயத்துத் தலைவர் காத்தமுத்துவின் அப்பா இறந்த பிறகு. பெரியவர் இழுத்து இழுத்து இருமுகிற ஆள், அந்த இருமலைக் கதண்டுகள் எப்போதோ எடுத்துப் போயிருந்தன. கருமாதி முடிந்த மறுநாள் தென்னை உச்சியில் அவர் இருமினார். காத்தமுத்து தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்றிலிருந்து அவர் தினமும் வந்தார். பார்த்தவர்கள் யோசித்தார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களைக் கட்டிலோடு தூக்கிவந்து தென்னையடியில் வைத்து, "ஒரு வார்த்த சத்தமா சொல்லுங்கப்பா, எங்களுக்குன்னு இருக்கட்டும்" என்று காதில் சொன்னார்கள். வெளிநாடு போகிறவன் மனைவிக்காக ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டுப் போனான். போகப் போக, நன்றாக இருக்கிறவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று வந்து கத்திவிட்டு, காலியான தொண்டையோடு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். மரத்தைச் சுற்றிச் செருப்புகள் குவிந்தன. தையல்நாயகி தன் வீட்டுக்குள் போக யாரையாவது தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

ராசாம்பாளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் கட்டிய சேலையோடு திரும்பியவள், தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள், ஊரில் எந்தப் பிள்ளை தூங்க மறுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அவள் தாலாட்டு எடுத்தால் பிள்ளையோடு பிள்ளையைப் பெற்றவளும் தூங்கிவிடுவாள். தன் வயிற்றில் ஒன்று பிறக்காத குறையை எல்லாம் அந்தக் குரலில் கரைத்து வைத்திருந்தாள். வளைகாப்பன்று, தையல்நாயகியின் கைநிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி முடித்ததும், சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோய் வாய்விட்டுப் பாடிவிட்டாள். ஜன்னல் கறுத்தது. கதண்டுகள் பாட்டைக் கொண்டுபோயின, பாட வைத்திருந்த குரலைக் கொண்டுபோயின, போகிற போக்கில் வளையல்களின் கலகலப்பையும் வழித்துக்கொண்டு போயின. வயிற்றுப் பிள்ளை கேட்கட்டும் என்றுதான் வளையல் போடுவது. தையல்நாயகி கையை ஆட்டினாள், ஆட்டி ஆட்டிப் பார்த்தாள், வயிற்றுக்குள் அசைந்துகொண்டிருந்தது அசைவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

அப்போதுதான் பிறக்கப்போகிற பிள்ளையின் அழுகை அவள் நினைவுக்கு வந்தது. பக்கத்து ஊரிலிருந்து வரும் நர்ஸம்மாவிடம் கேட்டாள்.

"பொறந்த ஒடனே புள்ள அழுவுமாங்க?"

"பின்ன? வீல்னு கத்துனாத்தானே மூச்சு பிடிக்கும். அழாம கெடந்தாத்தான் எங்களுக்குப் பயம்."

டவுன் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பெற்றுக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். பரிசோதனைக்குப் பஸ் ஏறியபோது கதண்டு ஒன்று மட்டும் கூடவே வந்தது. அவள் வயிற்றின் மேல், சேலை மடிப்பில், போக வர உட்கார்ந்திருந்தது. டாக்டர் குழாயை வைத்துக் கேட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டது. விரட்டினால் பறந்து, திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தது. எங்கே போனாலும் அது காத்திருக்கும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கூட்டைக் கொளுத்த வேண்டும், வேறு வழியில்லை.

கோவில் வாசலில் ஊர் கூடியது. நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் நின்று கிசுகிசுத்தாள், முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வரிசைக்குக் கிசுகிசுத்தார்கள். தலைவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுல எங்கப்பா இருக்காரு தாயி," என்றார். "ஊருல பாதிப்பேரு அங்கதான் இருக்காங்க."

"எம்புள்ள அழுவணும்ங்க. அழுவாட்டி செத்துப்போவும்."

"சாவாது. ஒம் புருஷன் இல்லையா, ஒன் நாத்தனாரு இல்லையா, குரலு போயி செத்தா போனாங்க? ஒம் புள்ள அழுவுற சத்தம் எங்கயும் போயிடாது தாயி. அங்க பத்திரமா இருக்கும். நீ வேணுங்குறப்ப கேட்டுக்கலாம், நாங்களும் கேட்டுக்குவோம்."

கூட்டம் தலையாட்டியது. நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ராசாம்பாள் மட்டும் தலையாட்டாமல் தென்னை இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அங்கே அவள் குரல் யாருமில்லாத தொட்டிலுக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், கதண்டுகள் கூடடைந்த பிறகு, தையல்நாயகி கொட்டகையிலிருந்து தொரட்டிக்கம்பை இழுத்தாள். குனிய முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை கம்பை வாங்கியது. வைரக்கண்ணு அதன் நுனியில் பழைய வேட்டியைச் சுற்றினான், ஒயரால் இறுக்கிக் கட்டினான், டீசலில் முக்கினான். "ஏங்க, ஒங்க குரலு அதுலதானே இருக்கு," என்றாள் அவள். அவன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான், பிறகு அவள் வயிற்றைத் தொட்டான், போகட்டும் என்று கையை விசிறினான். கம்பை இருவருமாகப் பிடித்துத் தூக்கினார்கள்.

கூடு வைக்கோல்போரைப்போலக் குப்பென்று பற்றியது. கதண்டுகள் இவர்கள் பக்கம் வரவே இல்லை. ஒவ்வொன்றும் உள்ளே போய் ஒரு சத்தத்தைக் கவ்விக்கொண்டு வெளியே வரப் பார்த்து அந்தச் சத்தத்தோடு கருகி விழுந்தது. அப்படி விழும்போது மணி அடித்தது, பஸ் அலறியது, சேவல்கள் கூவின, மாவு மில் ஓடியது, பெரியவர் இருமினார், வெளிநாடு போனவன் சிரித்தான், செத்தவர்களும் இருப்பவர்களும் தங்கள் தங்கள் வார்த்தையைச் சொன்னார்கள், வளையல்கள் குலுங்கின, ராசாம்பாளின் தாலாட்டு எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நின்று அறுந்தது. கடைசியாக, சாம்பல் உதிர்ந்துகொண்டிருந்தபோது, "தள்ளி நில்லு புள்ள, சுடும்" என்றது வைரக்கண்ணுவின் குரல். அவள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற வைரக்கண்ணு, தான் சொன்னதைக் கேட்டு அவளைத் தள்ளி நிறுத்தினான்.

ஊர் ஓடிவந்தது. தெருவெல்லாம் திறந்த வாய்கள், ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை, கிசுகிசுப்பு கூட எரிந்துபோயிருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் வழியில்லை. தையல்நாயகி மன்னித்துவிடுங்கள் என்று சொல்லப் போனாள், அவள் வாயிலிருந்தும் காற்றுதான் வந்தது. அதற்குள் இடுப்பில் வலி எடுத்துவிட்டது. ஒருவன் சைக்கிளில் போய் நர்ஸம்மாவைச் சைகையிலேயே அழைத்து வந்தான், டவுனுக்குக் கொண்டுபோக அவகாசம் இல்லை, அந்த வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே வீறிட்டு அழுதது.

அந்த அழுகை தெரு முழுக்கப் போயிற்று. ஆற்றங்கரை வரைக்கும் போயிற்று. நிறுத்தவோ எடுத்துக்கொண்டு போகவோ ஒன்றும் இல்லாத வெறும் ஊரில் அது சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு திரிந்தது, அடிக்க வந்தவர்கள் கையைக் கீழே போட்டார்கள், தலைவர் அப்படியே வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். தையல்நாயகி பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு ஆனந்தத்தில் சத்தமில்லாமல் விம்மினாள்.

தன்மேல் ஊருக்குக் கோபம் இல்லை என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. சட்டை கொண்டுவந்தார்கள், வசம்பு கொண்டுவந்தார்கள், குலுக்கினால் சத்தம் வராத கிலுகிலுப்பை கொண்டுவந்தார்கள். விடிந்ததும் வந்து வீட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள், சுவரில் காதை வைத்துக்கொண்டார்கள், குழந்தை அழும்போது கண்ணை மூடிக்கொண்டு லேசாக ஆடினார்கள், அழுகை நின்றதும் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஆனால் குழந்தை சாது. தையல்நாயகிக்குப் பாலுக்குக் குறைவில்லை, சிணுங்குவதற்குள் எடுத்துவிடுவாள், பால் குடித்தால் தூங்கிவிடும். சுவரோரத்தில் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். பொழுது ஏற ஏற அவர்கள் முகம் பட்டினி கிடப்பவர்களின் முகமாக மாறியதைக் கண்டு அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது, ஒருத்தி கை நீட்டினால் பிள்ளையைக் கொஞ்சக் கொடுத்தாள்.

பிறகு குழந்தை நேரங்கெட்ட நேரத்தில் துடித்து அழத் தொடங்கியது. குளிப்பாட்டும்போது தொடையில் சிவப்புத் தடிப்புகளைப் பார்த்தாள். கதண்டு ஒன்று தீயில் தப்பிவிட்டது என்று நினைத்தாள். ஓடு ஓடாகப் புரட்டிப் பார்த்தாள், தொட்டில் சேலையை உதறினாள், வேப்பெண்ணெய் தடவினாள், மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டாள், வைரக்கண்ணு தென்னையில் ஏறிக் கருகிய குழாயைக் கழற்றி ஆற்றில் எறிந்துவிட்டு வந்தான். கதண்டின் ஒரு இறகு கூட எங்கும் இல்லை. தடிப்புகள் மட்டும் கூடிக்கொண்டே வந்தன.

ஒரு மத்தியானம் கொல்லையிலிருந்து துவைத்த துணியோடு உள்ளே வந்தவள் கதவோரம் நின்றுவிட்டாள். ராசாம்பாள் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டாள், போர்வையை விலக்கினாள், இரண்டு விரலால் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். பிள்ளை வீறிட்டது. சுவருக்கு வெளியே எல்லோரும் சாய்ந்து உட்காருகிற அசைவு தெரிந்தது. ராசாம்பாள் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிய, உதடுகள் பாட்டில்லாத பாட்டைப் பாட, அவ்வளவு பிரியத்தோடு தொட்டிலை ஆட்டத் தொடங்கினாள்.

துணியைப் போட்டுவிட்டுப் பாய்ந்துபோய்ப் பிள்ளையை வாரியெடுத்தாள் தையல்நாயகி. மடியில் கிடத்திக் காலை விரித்துப் பார்த்தாள். இப்போது விழுந்த தடம் சின்னதாக, மெல்லிய விரல்களுடையதாக இருந்தது. அதைச் சுற்றி இருந்தவற்றில் சில நகம் வளர்த்த கையுடையவை, சில சின்னப் பிள்ளைகளுடையவை, ஒன்று மண்வெட்டி பிடித்துத் தடித்த விரலுடையது. அவள் தலை தூக்கியபோது ஜன்னலில் நின்றவர்கள் பார்வையைத் தாழ்த்தினார்கள். அவள் புருஷனைத் தேடினாள். உள்வாசற்படியில் நின்றிருந்த வைரக்கண்ணு அவள் கண்ணைப் பார்க்காமல், வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.